ஓட்டிசம் உள்ள பிள்ளைகளும் ஒன்லைன் விளையாட்டும்: பெற்றோரின் அமானிதம்

 



பிள்ளைகள் அல்லாஹ் எம்மிடம் ஒப்படைத்துள்ள அமானிதங்கள் என்பதை நாம் அறிவோம். ஒவ்வொருவரும் தத்தம் பொறுப்பில் உள்ளோர் பற்றி மறுமையில் விசாரிக்கப்படுவர் என்ற நபிமொழியும் நாம் பல தடவை கேட்டதே. ஆயினும் சில அமானிதங்கள் ஏனையவற்றை விட நுட்பமானவை. அவற்றைப் பேணும் முறையும் வேறானது. அத்தகைய ஓர் அமானிதம் பற்றியே இன்று பேசவிருக்கிறோம். ஓட்டிசம் உள்ள கட்டிளமைப் பருவத்துப் பிள்ளையும், அப்பிள்ளை மணிக்கணக்கில் மூழ்கியிருக்கும் ஒன்லைன் விளையாட்டுமே இன்றைய தலைப்பாகும்.

இவ்விடயத்தில் வீடுகளில் இரண்டு நிலைகளைக் காணலாம். பிள்ளை சத்தமின்றி இருக்கிறதே என்று கையடக்கத் தொலைபேசியைக் கொடுத்துவிட்டு நாள் முழுவதும் திரும்பிப் பாராதிருப்பது ஒன்று. பொறுமை எல்லை கடந்ததும் தொலைபேசியைப் பறித்தெடுப்பது, இணைய இணைப்பைத் துண்டிப்பது, சில வேளை கை நீட்டுவது மற்றொன்று. முதலாவது பராமுகம், இரண்டாவது வன்மை. இரண்டிலும் பிள்ளை தனித்தே விடப்படுகிறது. இவ்விரண்டுக்கும் நடுவே ஒரு வழி உண்டு. அவ்வழியைத்தான் நாம் தேட வேண்டியிருக்கிறது.

முதலில் ஓட்டிசம் என்றால் என்ன என்பதைத் தெளிவாக்கிக் கொள்வோம். 1943 ஆம் ஆண்டு ஐக்கிய அமெரிக்காவில் பணியாற்றிய லியோ கானர் எனும் மனநல வைத்தியர், 11 சிறுவர்களை அவதானித்து எழுதிய கட்டுரையே இதனைத் தனியான ஒரு நிலையாக மருத்துவ உலகுக்கு அறிமுகப்படுத்தியது. இது மூளையின் வளர்ச்சியில் ஆரம்பத்திலிருந்தே அமைந்த ஒரு வேறுபாடாகும். பிறருடன் பேசிப் பழகுவதில் சிரமம், ஒரே ஒழுங்கை விரும்பும் தன்மை, குறிப்பிட்ட சில விடயங்களில் ஆழ்ந்த ஈடுபாடு, சத்தம், வெளிச்சம், தொடுகை முதலியவற்றால் மற்றவர்களை விட அதிகமாகப் பாதிப்படைதல் என்பன இதன் அடையாளங்கள். சில பிள்ளைகள் பேசுவதே இல்லை. சிலர் வகுப்பில் முதலாமிடம் பெறுவார்கள். ஆனால் இடைவேளையில் தனியே நிற்பார்கள். பெண் பிள்ளைகளில் இது பெரும்பாலும் தாமதமாகவே இனங்காணப்படுகிறது. அவர்கள் மற்றவர்களைப் பார்த்து அவர்களைப் போல் நடந்து, தம் சிரமத்தை மறைத்துக் கொள்வதும் இதற்கு ஒரு காரணம். 2021 ஆம் ஆண்டில் உலகில் ஏறக்குறைய 127 பேருக்கு ஒருவர் இந்நிலையில் இருந்தார் என உலக சுகாதார நிறுவனம் மதிப்பிட்டுள்ளது. எனவே இது எங்கோ தூரத்தில் உள்ள ஒரு விடயமன்று. எமது ஒவ்வொரு மஹல்லாவிலும் இருக்கக்கூடிய விடயமாகும்.

இது உம்மாவின் வளர்ப்புக் குறையால் வருவதன்று. தடுப்பூசியால் வருவதுமன்று. அவ்வாறு சந்தேகம் கிளப்பிய 1998 ஆம் ஆண்டுக் கட்டுரையை, அதனை வெளியிட்ட மருத்துவ சஞ்சிகையே 2010 இல் வாபஸ் பெற்றுக் கொண்டது. தொலைபேசி விளையாட்டாலும் ஓட்டிசம் உண்டாவதில்லை. ஜின் பிடித்ததாகக் கருதி இப்பிள்ளைகளை வருடக்கணக்கில் வாசலுக்கு வாசல் அழைத்துத் திரிவோரும் நம்மத்தியில் உள்ளனர். துஆவும் ஓதிப் பார்த்தலும் முஃமினுக்கு என்றும் உரியவையே. ஆனால் அவற்றின் பெயரால் பிள்ளையைத் துன்புறுத்துவதும், வைத்தியரிடமும் பேச்சுப் பயிற்சியாளரிடமும் காட்ட வேண்டிய பருவத்தைக் கடத்திவிடுவதும் மார்க்கமாகாது. ஒட்டகத்தைக் கட்டிவிட்டே தவக்குல் வைக்குமாறு கற்றுக் கொடுக்கப்பட்ட உம்மத் நாம்.

நேயர்களே! இப்பிள்ளைகள் ஏன் விளையாட்டின் பால் இவ்வளவு ஈர்க்கப்படுகிறார்கள்? அவர்களது இடத்தில் நின்று சற்றுச் சிந்தித்துப் பாருங்கள். வெளியுலகில் விதிகள் எழுதப்படுவதில்லை. ஒருவர் சிரித்தால் அது அன்பா, கேலியா என்பதை முகத்தைப் பார்த்தே அறிய வேண்டும். கலியாண வீட்டில் ஒரே நேரத்தில் நூறு குரல்கள் ஒலிக்கும். நாளை என்ன நடக்கும் என்பது தெரியாது. விளையாட்டிலோ விதிகள் தெளிவானவை. ஒரு பொத்தானை அழுத்தினால் நேற்று நடந்ததே இன்றும் நடக்கும். தவறினால் மீண்டும் தொடங்கலாம், எவரும் சிரிக்கமாட்டார்கள். சத்தத்தைக் குறைக்கலாம். முகம் பார்த்துப் பேச வேண்டியதில்லை, எழுத்தால் பேசலாம். பாடசாலையில் ஒருவரும் தம் குழுவில் சேர்த்துக் கொள்ளாத பிள்ளையை, விளையாட்டில் அதன் திறமைக்காகவே குழுவில் சேர்த்துக் கொள்கிறார்கள்.

பிரித்தானியாவைச் சேர்ந்த டேமியன் மில்டன் என்பவர் தாமே ஓட்டிசம் உள்ள ஓர் ஆய்வாளர். 2012 இல் அவர் முக்கியமான ஒரு கருத்தை முன்வைத்தார். ஓட்டிசம் உள்ளவர் மற்றவரை விளங்கிக் கொள்ளச் சிரமப்படுவது போலவே, மற்றவர்களும் ஓட்டிசம் உள்ளவரை விளங்கிக் கொள்ளச் சிரமப்படுகிறார்கள். குறை ஒரு பக்கத்தில் மாத்திரம் இல்லை என்பதே அக்கருத்தாகும். இதனை நாம் மனதில் இருத்திக் கொள்ள வேண்டும். பிள்ளைக்கு எம் உலகம் விளங்கவில்லை என்று கவலைப்படும் நாம், பிள்ளையின் உலகம் எமக்கு விளங்குகிறதா என்று எம்மையே கேட்டுக் கொள்ள வேண்டும்.

கனடா நாட்டில் ஸ்டுவர்ட் டங்கன் என்றொரு தந்தை இருக்கிறார். அவருக்கும் ஓட்டிசம் உண்டு. அவரது மகனுக்கும் உண்டு. மைன்கிராஃப்ட் எனும் விளையாட்டைப் பற்றி உங்கள் பிள்ளைகளைக் கேட்டால் சொல்வார்கள். கட்டை கட்டையாக அடுக்கி வீடும் ஊரும் கட்டும் விளையாட்டு அது. பொது இடங்களில் அதனை விளையாடச் சென்ற ஓட்டிசம் உள்ள பிள்ளைகளை ஏனையோர் கேலி செய்தனர். அவர்கள் நாட்கணக்கில் கட்டியெழுப்பியதை உடைத்தெறிந்தனர். இதனைப் பெற்றோர் பலர் கூறக் கேட்ட டங்கன், 2013 ஆம் ஆண்டு ஓட்டிசம் உள்ளோருக்கும் அவர்களது குடும்பத்தினருக்கும் மாத்திரமெனத் தனியான ஒரு விளையாட்டுத் தளத்தை அமைத்தார். அதற்கு ஓட்கிராஃப்ட் எனப் பெயரிட்டார். அனுமதி பெற்றவரே உள்ளே வரலாம். கேலியும் வசையும் அங்கு தடை. பெரியவர்கள் கூடவே இருந்து கவனிப்பார்கள். சில நாட்களிலேயே நூற்றுக்கணக்கானோர் அனுமதி கேட்டு எழுதினர். அத்தளத்தில் நீண்ட காலம் இருந்து ஆய்வு செய்த காத்ரின் ரிங்லண்ட் எனும் அமெரிக்க ஆய்வாளர், அப்பிள்ளைகள் தமக்கே உரிய முறையில் அங்கு நட்புக் கொள்வதையும் ஒருவருக்கொருவர் உதவுவதையும் எழுதியுள்ளார். இதில் நமக்கு ஒரு படிப்பினை உண்டு. அந்தத் தந்தை விளையாட்டை உடைக்கவில்லை, விட்டுவிடவும் இல்லை. உள்ளே சென்று, வேலி அமைத்து, காவல் நின்றார்.

இதே பண்பின் உயர்ந்த வடிவத்தை நபி (ஸல்) அவர்களின் வாழ்வில் காண்கிறோம். அனஸ் (ரழி) அவர்கள் அறிவிக்கும் ஒரு சம்பவம் ஸஹீஹ் முஸ்லிமில் பதிவாகியுள்ளது. மதீனாவில் புத்தியில் ஏதோ ஒரு குறை உள்ளவராகக் கருதப்பட்ட ஒரு பெண்மணி இருந்தார். அவர் அல்லாஹ்வின் தூதரிடம் வந்து தமக்கு ஒரு தேவை இருப்பதாகக் கூறினார். நபியவர்கள் அவரைத் தட்டிக் கழிக்கவில்லை. வேறொருவரிடம் அனுப்பவும் இல்லை. எந்தத் தெருவில் நின்று பேச விரும்புகிறாரோ அத்தெருவை அவரே தெரிவு செய்யுமாறு கூறி, அவருடன் சென்று, அவரது தேவை முடியும் வரை நின்றார்கள். அரசுகளுக்குக் கடிதம் எழுதிய தூதர், படைகளை வழிநடத்திய தலைவர், ஒரு சாதாரணப் பெண்மணி தெரிவு செய்த தெருவில் போய் நின்றார்கள்.

பெற்றோர்களே! உங்கள் பிள்ளை தெரிவு செய்த தெரு இன்று அந்த விளையாட்டாக இருக்கலாம். தெரு முனையில் நின்று சத்தமிடுவதால் பயனில்லை. அத்தெருவுக்குச் சென்று பிள்ளையின் பக்கத்தில் நில்லுங்கள். ஒரு நாளைக்கு இருபது நிமிடங்கள் அருகில் அமர்ந்து, இது என்ன, இவர் யார், இதை எப்படிக் கட்டினாய் என்று கேளுங்கள். வேறெதுவும் பேசாத பிள்ளை இதைப் பற்றி வாய் திறந்து பேசுவதைக் காண்பீர்கள். வளர்த்த குருவி இறந்து கவலையுடன் இருந்த அபூ உமைர் எனும் சிறுவரிடம் அக்குருவியைப் பற்றியே விசாரித்தவர்கள் எம் நபி (ஸல்) அவர்கள். சிறுவனுக்குப் பெரிதாகத் தோன்றியதை அவர்கள் சிறிதாகக் கருதவில்லை.

ஆனால் நேயர்களே, அத்தெருவில் பள்ளங்களும் உள்ளன. அவற்றை மறைத்துப் பேசுவது நன்மையாகாது.

முதலாவது, நேரம். ஐக்கிய அமெரிக்காவில் 8 வயது முதல் 18 வயது வரையான ஆண் பிள்ளைகளிடம் செய்யப்பட்ட ஓர் ஆய்வு 2013 இல் வெளியானது. ஓட்டிசம் உள்ளவர்கள் நாளொன்றுக்குச் சராசரியாக 2.1 மணித்தியாலங்களும், ஏனையோர் 1.2 மணித்தியாலங்களும் வீடியோ விளையாட்டில் செலவிட்டதாக அது கூறியது. கவனத்தை ஒருநிலைப்படுத்துவதில் சிரமம் உள்ள பிள்ளைகளிடம் விளையாட்டை விட முடியாத நிலை அதிகம் என்பதையும் அவ்வாய்வு சுட்டிக்காட்டியது. உலக சுகாதார நிறுவனத்தின் நோய்ப் பட்டியலில் விளையாட்டு அடிமை நிலை இப்போது ஒரு நோயாக இடம்பெற்றுள்ளது; 2022 ஜனவரி முதல் அப்பட்டியல் நடைமுறையில் உள்ளது. அதன் அடையாளங்கள் மூன்று. விளையாட்டைத் தன் கட்டுப்பாட்டில் வைத்திருக்க முடியாமை. ஏனைய அனைத்தையும் விட அதற்கே முதலிடம் கொடுத்தல். தீங்கு கண்ணுக்குத் தெரிந்த பின்பும் தொடருதல். வழக்கமாக ஒரு வருட காலம் இந்நிலை நீடித்து, படிப்பு, குடும்பம் போன்றவற்றைப் பெரிதும் பாதிக்கும் போதே வைத்தியர்கள் அப்பெயரைச் சூட்டுவார்கள். பிள்ளை ஒரு விளையாட்டை மிகவும் நேசிக்கிறது என்பது மாத்திரம் நோயன்று. உறக்கம் கெடுகிறதா? உணவு தவறுகிறதா? பாடசாலையும் தொழுகையும் கைவிடப்படுகின்றனவா? இவற்றையே நீங்கள் கவனிக்க வேண்டும்.

இரண்டாவது, பணம். பல விளையாட்டுகள் இலவசமாகவே கைக்கு வருகின்றன. பின்னர் உடை, ஆயுதம், அதிர்ஷ்டப் பெட்டி என்று உள்ளே விற்பனை நடக்கிறது. பெட்டிக்குள் என்ன உள்ளது என்பது பணம் செலுத்திய பின்னரே தெரியும். இத்தகைய பெட்டிகளைப் பெல்ஜியம் நாடு 2018 இல் சூதாட்டமெனத் தீர்மானித்துத் தடை செய்தது. சூதை ஹராமாக்கிய மார்க்கத்தைச் சேர்ந்த நாம் இதில் பின்தங்கியிருக்கலாமா? ஃபோர்ட்நைட் விளையாட்டை நடத்தும் எபிக் கேம்ஸ் நிறுவனம், 2022 டிசம்பரில் ஐக்கிய அமெரிக்க அரசின் வர்த்தக ஆணைக்குழுவுடன் ஏற்பட்ட இணக்கப்பாட்டின்படி 520 மில்லியன் டொலர் செலுத்த உடன்பட்டது. அதில் 245 மில்லியன் டொலர், தாம் விரும்பாமலே பொருள் வாங்கும்படி செய்யப்பட்டோருக்குத் திருப்பிக் கொடுப்பதற்காகும். எஞ்சிய 275 மில்லியன் டொலர் சிறுவர்களின் தனிப்பட்ட விபரங்கள் தொடர்பான சட்ட மீறலுக்கான தண்டமாகும். பெரியவர்களையே வழுக்கி விழச் செய்யும் பொத்தான்கள் அவை. சொன்னதை அப்படியே நம்பும் இயல்புள்ள பிள்ளையின் நிலை என்னவாகும்?

ஸூரத்துந் நிஸாவின் ஆரம்பத்தில் அல்லாஹுத்தஆலா செல்வம் பற்றிக் காட்டும் ஒழுங்கைப் பாருங்கள். நிர்வகிக்கும் பக்குவம் அற்றோரிடம் பொருளை ஒப்படைத்துவிடலாகாது. ஆனால் அவர்களுக்கு உணவும் உடையும் கொடுக்க வேண்டும். அவர்களுடன் நல்ல முறையில் பேச வேண்டும். அநாதைகளைப் பருவமடையும் வரை சோதித்துப் பார்த்து, பக்குவம் கண்ட பின் அவர்களது பொருளை ஒப்படைக்க வேண்டும். பொருளைக் காத்தல், தேவையை நிறைவேற்றல், இனிய சொல், படிப்படியான பயிற்சி என நான்கு விடயங்கள் இதில் உள்ளன. ஆகவே வங்கி அட்டையின் இலக்கத்தைத் தொலைபேசியில் பதிந்து வைக்காதீர்கள். மாதமொன்றுக்குச் சிறு தொகையைக் கையில் கொடுத்து, அதனை எண்ணிச் செலவிடக் கற்றுக் கொடுங்கள்.

மூன்றாவது, அந்நியர். விளையாட்டில் நட்பாகப் பேசுபவர் பன்னிரண்டு வயதுச் சிறுவனா, நாற்பது வயதுக் கயவனா என்பது தெரியாது. ஓட்டிசம் உள்ள பிள்ளைக்கு நண்பர் கிடைப்பது அரிது. கிடைத்த ஒருவர் படம் அனுப்பச் சொன்னால், இரகசியம் காக்கச் சொன்னால், நட்பை இழக்கும் பயத்தில் பிள்ளை இணங்கிவிடக்கூடும். "கவனமாக இரு" என்று பொதுவாகச் சொல்வது இப்பிள்ளைக்குப் போதாது. விதியைத் தெளிவாகச் சொல்லுங்கள்: உன் பெயர், பாடசாலை, ஊர், படம் இவற்றை எவருக்கும் கொடுக்கக் கூடாது. உம்மாவிடம் சொல்லாதே என்று ஒருவர் சொன்னால், அதையே முதலில் உம்மாவிடம் சொல்ல வேண்டும். சொன்னதற்காக உன் விளையாட்டு பறிக்கப்படமாட்டாது. இந்தக் கடைசி வாக்குறுதியை நீங்கள் காப்பாற்ற வேண்டும். இல்லையேல் மறுமுறை பிள்ளை எதையும் சொல்லாது.

இனி, எல்லை வகுக்கும் முறையைப் பார்ப்போம். பல பிள்ளைகள் சேர்ந்து விளையாடும் ஒன்லைன் ஆட்டத்தை இடையில் நிறுத்தி வைக்க முடியாது. நடுவில் விலகினால் குழு தோற்கும். பிள்ளைக்கு ஏச்சு விழும். அவ்வேளையில் நீங்கள் வந்து உடனே மூடு என்றால், பிள்ளை கொந்தளிப்பது பிடிவாதத்தால் மாத்திரமன்று. ஒரு நிலையிலிருந்து மற்றொரு நிலைக்குத் திடீரென மாறுவது ஓட்டிசம் உள்ளவருக்கு உண்மையிலேயே கடினமானது. எனவே நிமிடக் கணக்கில் அன்றி ஆட்டக் கணக்கில் பேசுங்கள். இரண்டு ஆட்டங்கள், பின்னர் குளிப்பு என்று முன்கூட்டியே சொல்லுங்கள். அதனை எழுதிச் சுவரில் ஒட்டுங்கள். முடிவதற்குச் சற்று முன் ஒரு தடவை நினைவூட்டுங்கள். இன்று ஒரு சட்டம், நாளை வேறொரு சட்டம் என்றிருக்க வேண்டாம். உம்மா மறுத்ததை வாப்பா கொடுப்பதும் வேண்டாம். இரவில் தொலைபேசி பெற்றோரின் அறையில் இருக்கட்டும். இப்பிள்ளைகளில் பலருக்கு உறக்கமே ஒரு சோதனை.

ஒழுங்கை விரும்பும் இப்பிள்ளைகளுக்கு ஐவேளைத் தொழுகை ஓர் அருளாகும். நாளை ஐந்தாகப் பகுத்துத் தரும் அட்டவணை எம்மிடம் ஏற்கனவே உள்ளது. அஸருக்குப் பின் விளையாட்டு, மஃரிபுக்கு முன் முடிவு என்றால், பிள்ளை அதனைத் தன் ஒழுங்காகவே ஏற்றுக் கொள்ளும். ஓட்டிசம் உள்ளோர் எல்லோரும் மார்க்கக் கடமை நீங்கியவர்கள் என எண்ணிவிடாதீர்கள். விளக்கமுள்ள பலர் எம்மை விடவும் பேணுதலாகத் தொழுபவர்கள். ஒவ்வொருவரது விளக்கத்தின் அளவும் வேறுபடும். சந்தேகம் இருப்பின் உலமாக்களிடம் கேட்டறிந்து கொள்ளுங்கள்.

எல்லை வகுத்தும் பிள்ளை மீறினால் என்ன செய்வது? பத்து வருடங்கள் நபியவர்களுக்குப் பணிவிடை செய்த அனஸ் (ரழி) அவர்கள், ஒரு தடவையேனும் தம்மை நோக்கி 'சீ' என்ற சொல் கூட வந்ததில்லை எனக் கூறியுள்ளார்கள். அவர் பணிக்கு வந்தபோது சிறுவராகவே இருந்தார். சிறுவர்களுக்குரிய மறதியும் விளையாட்டும் அவரிடமும் இருந்தன. கொந்தளிக்கும் பிள்ளையிடம் அவ்வேளை உபதேசம் எடுபடாது. சத்தத்தைக் குறைத்து, அருகே நின்று, அமைதி திரும்பிய பின் பேசுங்கள். மூன்று அடையாளங்களும் தென்பட்டால் வெட்கப்படாமல் வைத்தியரை நாடுங்கள்.

இளைஞர்களே! உங்களிடமும் ஒரு சொல். விளையாட்டில் மெதுவாகப் பதில் எழுதும் ஒருவர், ஒரே விடயத்தைத் திரும்பத் திரும்பச் சொல்லும் ஒருவர் உங்கள் குழுவில் இருந்தால், அவரைக் கேலி செய்து வெளியேற்றாதீர்கள். அது ஓட்டிசம் உள்ள ஒரு சகோதரராக இருக்கலாம். திரைக்குப் பின்னால் இருப்பதும் ஓர் இதயமே. ஒருவரையொருவர் பரிகசிப்பதைத் தடை செய்த அல்குர்ஆனின் கட்டளைக்கு, முகம் தெரியாத இடம் விதிவிலக்கன்று. நீங்களே ஓட்டிசம் உள்ளவராக இருப்பின், உங்கள் ஆழ்ந்த ஈடுபாடு அல்லாஹ் தந்த ஒரு ஆற்றல் என்பதை அறிந்து கொள்ளுங்கள். விளையாடுவதோடு நின்றுவிடாமல், அவ்விளையாட்டு எவ்வாறு ஆக்கப்படுகிறது என்பதையும் கற்றுக் கொள்ளுங்கள். ஆரோக்கியமும் ஓய்வு நேரமும் மனிதர்களில் அதிகமானோர் நட்டமடையும் இரு அருட்கொடைகள் என எம் நபி (ஸல்) அவர்கள் எச்சரித்துள்ளார்கள். அந்த நட்டவாளர்களில் நீங்கள் சேர்ந்துவிட வேண்டாம்.

இறுதியாக, ஜமாஅத்தினருக்கு. ஒரு பிள்ளை தன் தோழமையைத் திரைக்குள் தேடுவதற்கு, வெளியில் அதற்கு இடம் கிடைக்காததும் காரணமாகும். பள்ளிவாசலில் கைகளை அசைக்கும் பிள்ளையை, காதைப் பொத்திக் கொள்ளும் பிள்ளையை முறைத்துப் பார்த்து அனுப்பிவிட்டு, அது ஏன் விளையாட்டே கதியென்று கிடக்கிறது என நாம் கேட்க முடியாது. ஒலிபெருக்கியிலிருந்து தள்ளி, கதவருகே ஓர் இடம் கொடுங்கள். காதுறை அணிந்து வந்தால் விட்டுவிடுங்கள். மதரஸாவில் அதற்கு விருப்பமான ஒரு பொறுப்பைக் கொடுங்கள். பள்ளிவாசலில் ஈட்டி விளையாடிய அபிஸீனியர்களைத் தடுக்காமல், ஆயிஷா (ரழி) அவர்கள் பார்த்துச் சலிக்கும் வரை அவர்களுக்காகப் பொறுமையுடன் நின்றவர்கள் எம் நபியவர்கள். அந்தப் பள்ளிவாசலின் வாரிசுகள் நாம். எமது ஸஃப்புகளில் இப்பிள்ளைகளுக்கும் இடமிருக்க வேண்டும்.

யா அல்லாஹ்! பேச முடியாத பிள்ளைகளின் உள்ளத்தை நீ அறிவாய். அவர்களது பெற்றோருக்குப் பொறுமையையும் விளக்கத்தையும் தருவாயாக. எம் பிள்ளைகளைக் கண்ணுக்குத் தெரியும் தீங்குகளிலிருந்தும் திரைக்குப் பின்னால் மறைந்துள்ள தீங்குகளிலிருந்தும் பாதுகாப்பாயாக. அவர்களை எமக்குக் கண்குளிர்ச்சியாகவும், எம்மை அவர்களுக்கு நிழலாகவும் ஆக்குவாயாக. ஆமீன்.